சி-ஆர்ம் டூட்டியை மாற்றித் தரச் சொல்லி எப்படிக் கேட்பது?

வணக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆறு வருடமாக ரேடியோகிராபராக இருக்கிறேன். இப்போது எனக்கு மூன்றாவது மாதம். எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் மெஷின்) டூட்டிதான் அதிகம். ஈய ஏப்ரனைப் போட்டுக்கொண்டு நின்றாலே முதுகு விட்டுப்போகிறது.

கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு, வயிற்றுப் பிள்ளைக்குப் படும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. வாயால் சொல்லிவிட்டேன். "ஆள் இல்லை, பார்க்கலாம்" என்கிறார்கள். எங்கள் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அனுப்புகிறோம், ரிப்போர்ட் வரும்வரை சும்மா இருக்க மனசு வரவில்லை. வேலையை விடவும் விருப்பமில்லை, எனக்கு இது அவ்வளவு பிடித்த வேலை.

இதைக் கடந்து வந்த அக்காக்கள் சொல்லுங்கள்: கடிதத்தில் என்ன எழுதினீர்கள்? கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடமே நேராகக் கொடுக்கலாமா? அப்புறம், வயிற்றுப் பக்கம் மாட்ட இன்னொரு டோசிமீட்டர் (கதிர்வீச்சை அளக்கும் கருவி) கேட்டால் தருவார்களா?