20 மி.மீ. செம்பு ராடு இரண்டு, 5 மி.மீ. இடைவெளி: ஏசி மின்தடை 1.20 மடங்கு வருவது சரியா?

கேள்வி:
20 மி.மீ. விட்டத்தில் இரண்டு திட செம்பு ராடுகள், மையத்துக்கு மையம் 25 மி.மீ. ஒன்றில் 600 ஆம்பியர் போகிறது, மற்றதில் திரும்புகிறது. 50 ஹெர்ட்ஸ், 20 டிகிரி. ஒவ்வொரு ராடையும் 1 மி.மீ. சதுர இழைகளாகப் பிரித்தேன். வட்டத்துக்குள் முழுசாக அடங்கும் சதுரங்களை மட்டும் எடுத்ததில் ராடுக்கு 276. எல்லா இழைகளின் மின்தடையையும் தூண்டலையும் மேட்ரிக்ஸில் போட்டுத் தீர்த்தால், புத்தக டிசி மதிப்பைப் போல 1.20 மடங்கு வருகிறது. தனி ராடுக்கு ஸ்கின் எஃபெக்ட் (ஏசி மின்னோட்டம் மேற்பரப்பை நோக்கி ஒதுங்குவது) 1.027 மடங்குதானே? போதாததற்கு, இழை மின்னோட்டங்களைக் கூட்டினால் 600-ஐத் தாண்டுகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
பாதி தப்பு, பாதி நிஜம்.

தப்பு பரப்பளவில். 276 சதுரம் என்றால் 276 சதுர மி.மீ.; ராடின் பரப்பு 314.16. பன்னிரண்டு சதவீதம் செம்பு காணாமல் போயிருக்கிறது. அதே 276 இழைகளின் டிசி மின்தடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 1.20 சட்டென்று 1.05-க்கு இறங்கும். அதுவும் மெலிந்த ராடின் விடைதான். சதுரத்தின் மையம் வட்டத்துக்குள் விழுந்தாலே சேர்த்துக்கொள்ளுங்கள்: 316 வரும், பரப்புப் பிழை 0.6 சதவீதம். அதையும் விடாமல், எப்போதும் சொந்த வலையின் (இழைகளாகப் பிரித்த அமைப்பின்) டிசி மதிப்பால்தான் வகுக்க வேண்டும்.

நிஜம், பக்கத்து ராடின் விளைவு. ஐஇசி 60287 (கேபிள்களின் மின்னோட்டத் திறனுக்கான சர்வதேசத் தரநிலை) வழியில் கையால் போடலாம். டிசி மின்தடை மீட்டருக்கு 54.9 மைக்ரோ ஓம். 8 × பை × 50 × 10⁻⁷-ஐ அதால் வகுத்தால் 2.29, அதன் வர்க்கம் 5.24. 5.24 ÷ (192 + 0.8 × 5.24) = 0.0267, இது ஸ்கின் பங்கு. இதை விட்டம் ÷ மைய தூரம் என்பதன் வர்க்கத்தாலும் (0.64) 2.9-ஆலும் பெருக்கினால் 0.0496, இது நெருக்கத்தின் பங்கு. ஆக 1.076. ஸ்கினைவிட நெருக்கம் ஏறக்குறைய இரு மடங்கு! 600 ஆம்பியரில் ராடுக்கு மீட்டருக்கு 19.8 வாட் இருந்த இழப்பு 21.3 ஆகிறது. 75 டிகிரிக்குச் சூடானால் செம்பின் தடை ஏறி, விகிதம் 1.052-க்கு இறங்கிவிடும். எனவே எந்த வெப்பநிலையில் போட்ட கணக்கு என்று எழுதி வையுங்கள்.

பதில் 2:
கூட்டல் 600-ஐத் தாண்டுவது பிழையே இல்லை. இழைகளில் ஓடும் மின்னோட்டங்கள் ஒரே கட்டத்தில் (phase) இல்லை, அதாவது உச்சத்தை ஒரே நேரத்தில் தொடுவதில்லை. அளவோடு கட்டக்கோணத்தையும் சேர்த்துச் சிக்கலெண்களாகக் கூட்டுங்கள், 600 வரும். 50 ஹெர்ட்ஸில் செம்பின் ஊடுருவல் ஆழம் (மேற்பரப்பிலிருந்து ஏசி மின்னோட்டம் உள்ளே இறங்கும் அளவு) 9.35 மி.மீ., கிட்டத்தட்ட ராடின் ஆரமேதான். இந்த நிலையில் மின்னோட்ட அடர்த்தி மாறுவதைவிட அதன் கட்டக்கோணம் உள்முகத்திலிருந்து (மற்ற ராடைப் பார்க்கும் பக்கம்) வெளிமுகத்துக்குள் மாறுவதே முதலில் கண்ணில் படும். அடர்த்தியின் அளவை மட்டும் படமாகப் போட்டால் பாதிக் கதைதான் தெரியும்.

மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்தில், அதாவது இழையின் சொந்தத் தூண்டலுக்கு, என்ன தூரம் வைத்தீர்கள்? சதுர இழைக்குப் பக்கத்தின் 0.447 மடங்கு. 0.7788 மடங்கு ஆரம் என்பது வட்ட இழைக்கு.

கேள்வி கேட்டவர்:
0.7788 × 0.5 வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன். 316 இழையில் விகிதம் 1.08-ஐ ஒட்டி வருகிறது. இரண்டிலும் ஒரே திசையில் ஓடினால்? இதே வலையை 100 கிலோஹெர்ட்ஸுக்கும் ஓட்டலாமா?

பதில் 2:
ஒரே திசை என்றால் மின்னோட்டம் வெளிமுகங்களுக்கு ஒதுங்கும். திரும்பும் பாதை தொலைவில் இருந்தால் தூண்டல் சூத்திரத்தின் மடக்கைக்குள் (லாகரிதம்) எந்த அடிப்படைத் தூரம் எடுத்தாலும் பங்கீடு மாறாது. எல்லா இழைக்கும் ஒரே மின்னழுத்தம் கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் தூண்டல் என்று வரும் எண்ணை நம்பாதீர்கள், திரும்பும் பாதை இல்லாமல் அதற்கு அர்த்தமில்லை.

100 கிலோஹெர்ட்ஸுக்கு இந்த வலை உதவாது. ஊடுருவல் ஆழம் 0.21 மி.மீ.; இழை அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அங்கே, மின்னோட்டம் மேற்பரப்பில் மட்டும் ஓடுவதாகக் கொள்ளும் சூத்திரமே போதும். எதிரெதிர் திசையில், ஸ்கின் மட்டும் கணக்கிட்ட மின்தடையை 1 ÷ √(1 − 0.64), அதாவது 1.67-ஆல் பெருக்குங்கள். உள்முக அடர்த்தி வெளிமுகத்தைப் போல (12.5 + 10) ÷ (12.5 − 10) = 9 மடங்கு.