டி ஆன்சா காலேஜ் பக்கத்துல அபார்ட்மெண்ட் எடுக்கலாமா, ரூம் போதுமா?

கோவை_அப்பா:
பையன் செப்டம்பர்ல கலிஃபோர்னியா குபெர்டினோல இருக்க டி ஆன்சால (ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ்) சேர்றான்ங்க, எஃப்-1 ஸ்டூடண்ட் விசா. கேம்பஸுக்குள்ள ஹாஸ்டல் கிடையாது. இன்னொரு பையனோட சேர்ந்து நடந்து போற தூரத்துல டூ பெட்ரூம் எடுக்கலாம்னு இருக்கேன், 12 மாச லீஸ், அதாவது மாச வாடகை ஒப்பந்தம். சரியா வருமாங்க?

சன்னிவேல்_அக்கா:
வேண்டாங்க. ரெண்டு பேரும் ஒரே லீஸ்ல கையெழுத்து போட்டா முழு வாடகைக்கும் ஒவ்வொருத்தரும் பொறுப்பு, பாதி பாதின்னு அவங்களுக்குள்ள பேசிக்கிட்டது ஓனருக்கு கணக்கே இல்ல. என் தங்கச்சி பையன் கூட இருந்தவன் திடீர்னு வேற ஸ்டேட்டுக்கு போயிட்டான், நாலு மாசம் ரெண்டு பேர் வாடகையையும் நாங்கதான் கட்டினோம். பேசாம சான் ஹோசே பக்கம் ஒரு ரூம் பாருங்க, 23ம் நம்பர் பஸ் ஸ்டீவன்ஸ் க்ரீக் ரோட்டுலயே வந்து காலேஜ்ல விட்டுரும்.

குவார்ட்டர்_பையன்:
அக்கா, நான் ரூம்ல இருந்து பட்டவன். ஓனர் குடியிருக்கற வீட்டுல நீங்க ஒருத்தர் மட்டும் ரூம் எடுத்தா கலிஃபோர்னியால பாதுகாப்பு ரொம்ப கம்மி, மாச வாடகைன்னா 30 நாள் நோட்டீஸ் குடுத்து காலி பண்ணச் சொல்லலாம், காரணம் சொல்லணும்னு இல்ல. எனக்கு ஃபைனல்ஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி குடுத்தாங்க. அங்க குவார்ட்டர் சிஸ்டம், மூணே மாசத்துல ஒரு கோர்ஸே முடிஞ்சுரும், ஒரு வாரம் வீடு தேடி அலைஞ்சா மிட்டெர்ம் போச்சு. லீஸ்னா அந்த பயம் இல்ல. டெபாசிட்டும் 2024 ஜூலையில இருந்து ஒரு மாச வாடகைக்கு மேல கேக்கக்கூடாது, காலி பண்ணி 21 நாளுக்குள்ள கணக்கோட திருப்பித் தரணும்.

சன்னிவேல்_அக்கா:
ஒரு மாசம்ங்கறது எல்லாருக்கும் இல்லப்பா, ஒண்ணு ரெண்டு வீடு மட்டும் வச்சிருக்க சின்ன ஓனர் ரெண்டு மாசம் வரைக்கும் கேக்கலாம். அதை விடு, பையனுக்கு அங்க கடன் வாங்கிக் கட்டின பதிவு (க்ரெடிட் ஹிஸ்டரி) இல்ல, முதல் வருஷம் கேம்பஸுக்கு வெளிய வேலை பாக்க முடியாது, வாடகையைப் போல மூணு மடங்கு வருமானம் காட்டுன்னு கேப்பாங்க. அப்ப இங்க இருக்க சொந்தக்காரர் யாராவது கேரண்டி கையெழுத்து போடணும். அந்தப் பாரம் அவங்க தலையில ஏறும். ஜூன் கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் பையன் ஊருக்கு வந்தா பூட்டுன வீட்டுக்கு வாடகை வேற.

குவார்ட்டர்_பையன்:
ரெண்டு வருஷத்துல யூசிக்கு (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) ட்ரான்ஸ்ஃபர் ஆகணும்னு நினைக்கிறவங்க நிறைய பேரு சம்மர்லயும் கிளாஸ் எடுப்பாங்க அக்கா. பாதில கிளம்புனாலும் ஓனர் சும்மா உக்காந்து மிச்ச மாசத்தையெல்லாம் கேக்க முடியாது, வேற ஆள் தேட நியாயமான முயற்சி பண்ணணும்னு சட்டமே இருக்கு. உங்க தங்கச்சி பையனுக்கு இதை யாரும் சொல்லலன்னு நினைக்கிறேன்.

சன்னிவேல்_அக்கா:
சொல்லல, உண்மைதான். ஆனா தங்கச்சி பையன் வீட்டை விட்டு கிளம்பலயே, உள்ளயே இருந்தானே. அப்ப முழு வாடகையும் அவன் மேலதான்.

கோவை_அப்பா:
கேரண்டி கையெழுத்தை நான் யோசிக்கவே இல்லைங்க, அங்க எங்களுக்குன்னு யாரும் இல்ல. அந்தப் பையனோட அப்பாகிட்ட இன்னைக்கு ராத்திரியே பேசறேன். தம்பி, தனித்தனி லீஸா ரூம் ரூமா குடுக்கற அபார்ட்மெண்ட் அந்தப் பக்கம் இருந்தா சொல்லுங்க.