காப்பிரைட் பதிவு உங்களுக்குக் கைகொடுத்ததா?

முருங்கைமரம்:
என் சிறார் கதையை ஒரு யூடியூப் சேனல் அப்படியே வாசித்துப் போட்டிருந்தது. பெயர்கூடச் சொல்லவில்லை. போன் போட்டால் அந்தப் பையன், "உங்களுதுன்னு என்ன ஆதாரம் சார்?" என்றான். பதிவுச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. டைப்பிங் என்று வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. கடைசியில் "சாரி சார்". சாயங்காலம் வீடியோ இல்லை. நான் எழுதினேன் என்று நானே சொன்னபோது நம்பாதவன், தாளைப் பார்த்ததும் நம்பிவிட்டான். வீடியோ போனதைவிட அதுதான் உறுத்துகிறது.

பழையபேனா:
இதற்கெல்லாம் டெல்லி காப்பிரைட் ஆபீஸ் எதற்கு? எழுதியதுமே உரிமை நம்முடையது. நான் பிரதியை எனக்கே ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன்.

கரிக்கோல்:
பழையபேனா அண்ணே, 1957 காப்பிரைட் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை, சரி. ஆனால் தங்கை வரைந்த முருகர் படம் யாரோ அடித்த காலண்டரில் வந்தபோது வக்கீல் முதலில் கேட்டதே "பதிவு இருக்கா?" என்றுதான். 48ஆம் பிரிவுப்படி பதிவேட்டில் இருப்பது முதல்நோக்குச் சான்று. தப்பு என்றால் எதிராளிதான் காட்ட வேண்டும். உங்கள் கவருக்கு அந்த மரியாதை கிடையாது. ஒட்டாத கவரை அனுப்பிவிட்டு அப்புறம் உள்ளே எதையும் வைக்கலாமே!

கதை, கவிதை, ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய்தான். ஒலிப்பதிவுக்கு 2000, சினிமாவுக்கு 5000. ஆன்லைனில் படிவம் 14 போட்டால் டைரி எண், அதாவது விண்ணப்ப எண், வரும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பார்ப்பார்கள். லேபிள், லோகோ மாதிரி சரக்கில் அச்சாகும் படம் என்றால் 2000, கூடவே டிரேட்மார்க் அலுவலகச் சான்றும் கேட்பார்கள். உரிமை உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குமேல் 60 வருடம். பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழையபேனா:
தங்கச்சி காலண்டர் என்ன ஆச்சு, அதைச் சொல்லவே இல்லையே தம்பி?

கோடம்பாக்கத்தான்:
ஒரு சினிமா கம்பெனியில் கதை கொடுத்தேன். "சார் படிக்கவே இல்லை" என்று திருப்பித் தந்தார்கள். பஸ்ஸில் புரட்டினால் இடைவேளைக் காட்சிக்குக் கீழே பென்சில் அடிக்கோடு. நான் போட்டதில்லை. ஒன்லைனை, அதாவது கதைச் சுருக்கத்தை மட்டும்தான் பதிந்திருக்கிறேன்.

கரிக்கோல்:
வெறும் ஐடியாவுக்குச் சட்டத்தில் காவல் இல்லை, எழுதிய வடிவத்துக்குத்தான். முழுத் திரைக்கதையையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள். அண்ணே, காலண்டர் வழக்கு இன்னும் நடக்கிறது.