இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

நம்ம குடும்பம் (அக்கரைப்பேட்டை)
ஜூன் 13

செல்வம் (காலை 6:12): எல்லாரும் எழுந்தாச்சா? நேற்று ராத்திரி பதினொரு மணி வரை நம் படகில் செல்ஃப் அடித்துப் பார்த்தோம். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இரண்டு தடவை இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மெக்கானிக் போன் எடுக்கவில்லை, அவர் கையில் இப்போது ஏழெட்டு படகு வேலை இருக்கிறது.

மலர் அக்கா: நாளை ராத்திரியோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது செல்வம். ஐஸுக்கு முன்பணம் கொடுத்தாச்சு, ஆட்களுக்கும் சொல்லியாச்சு. வளையலை அடகு வைத்துச் செய்த இன்ஜின் வேலை.

செல்வம்: தெரியும் அக்கா. அதனால்தான் தூக்கமே வரவில்லை.

காரைக்கால் மாமா: ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டிங் ஸ்பிரே இரண்டு அடி அடி மாப்ளே. எங்கள் போட்டில் அப்படித்தான் எடுப்போம்.

சித்தப்பா: வேண்டாம். யாரும் ஸ்பிரே அடிக்காதீர்கள். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிது. டைமிங், அதாவது டீசல் உள்ளே போகிற நேரம், சரியா தப்பா என்று தெரியாமல் ஸ்பிரே அடித்து அது தாறுமாறாக வெடித்தால் ரிங் உடையும், பிஸ்டன் போகும். செல்வம், நான் கேட்கிறதுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல். அதுவரைக்கும் செல்ஃப் பட்டனில் கை வைக்காதே.

சித்தப்பா: காலில் இந்த மாவுக்கட்டு மட்டும் இல்லையென்றால் இந்நேரம் இன்ஜின் ரூமில் இருந்திருப்பேன்.

செல்வம்: கேளுங்கள் சித்தப்பா.

சித்தப்பா: ஒன்று, பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் எவ்வளவு காட்டுகிறது?

அருண்: சும்மா இருக்கும்போது 25.4. அடிக்கும்போது 21க்கு இறங்குகிறது சித்தப்பா.

சித்தப்பா: போதும். புது ரிங் இறுக்கமாக இருக்கும், அதற்கு இது மோசமில்லை. இரண்டு, ஸ்டாப் கேபிள். டீசல் பம்ப்பில் இன்ஜினை நிறுத்துகிற ஸ்டாப் லீவர் முழுக்கத் திரும்பி வந்திருக்கிறதா? கண்ணால் பார்த்துச் சொல், நினைப்பில் சொல்லாதே.

செல்வம்: கையால் தொட்டே பார்த்துவிட்டேன். ஓடுகிற பக்கம்தான் நிற்கிறது.

சித்தப்பா: சரி. மூன்று, டீசல். இரண்டு மாதம் கட்டிக்கிடந்த டேங்க். முதலில் ஃபில்டருக்கு அடியில் தண்ணீரை வடி. அப்புறம் ஃபில்டர் மேலே ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்ப்பை அடி. நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை அடிக்க வேண்டும்.

அருண் (7:05): அரை டம்ளர் தண்ணீர் வந்தது. ஆனால் நுரை நிற்கவே இல்லை சித்தப்பா, இருபது நிமிடமாக அடிக்கிறேன், கை விட்டுப்போச்சு. (வீடியோ)

சித்தப்பா: அப்படியானால் டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் எங்கேயோ காற்று இழுக்கிறது. அந்தப் பக்கம் லீக் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும், அதனால் துடைத்த மாதிரி காய்ந்தே இருக்கும். ஃபீட் பம்ப் வாயில் இருக்கிற போல்ட்டைக் கழற்றிச் செம்பு வாஷரைக் காட்டு.

அருண்: (படம்)

சித்தப்பா: பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது பார். புதுசு இருக்கிறதா?

செல்வம்: கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.

சித்தப்பா: கடைக்குப் போக வேண்டாம். சமையல் அடுப்பில் இடுக்கியால் பிடித்துச் சிவக்கக் காய்ச்சு, தண்ணீரில் போடு. இரும்பு மாதிரி இறுகாது, செம்பு இளகிவிடும். பிறகு உப்புத்தாளைச் சமமான இரும்பின் மேல் வைத்து இரண்டு பக்கமும் தேய்த்துப் போடு, உட்கார்ந்துகொள்ளும்.

அம்மா: அடுப்புப் பக்கத்தில் டீசல் டின்னை வைக்காதீர்கள்.

அருண் (8:20): நுரை நின்றுவிட்டது!! சுத்தமாக டீசல் வருகிறது. செல்வம் அண்ணன் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் பக்கம் ஆறு நட்டையும் தளர்த்தி ஒரு தடவை சுற்றினார், ஆறிலும் துடித்துத் துடித்து வருகிறது.

சித்தப்பா: முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே, விரலையும் வைக்காதே. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். நட்டை இறுக்கிவிட்டு ஒரே தடவை அடி, பத்து விநாடி, அவ்வளவுதான்.

செல்வம் (8:34): இல்லை சித்தப்பா. அதே இருமல். இப்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வேறு கிளம்புகிறது, டீசல் நாற்றம்.

மலர் அக்கா: முருகா.

காரைக்கால் மாமா: கம்ப்ரஷன் இல்லை மாப்ளே, சிலிண்டரில் காற்று அழுந்தவில்லை. ரிங் மாற்றிப் போட்டிருப்பான். ஹெட்டைக் கழற்றுங்கள்.

சித்தப்பா: ஹெட்டைத் தொடாதே. வீடியோவில் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டேன், ஆறும் ஒரே சீராக முட்டிப் போகிறது, கம்ப்ரஷன் இருக்கிறது. டீசல் போகிறது, ஆனால் எரியாமல் புகையாக வெளியே வருகிறது. அப்படியென்றால் போகிற நேரம் தப்பு. டீசல் பம்ப்பை காலிபரேஷனுக்கு, அளவு சரிபார்க்க, கழற்றிக் கொண்டுபோனார்கள்தானே?

செல்வம்: ஆமாம். போன வாரம்தான் திரும்ப மாட்டினார்கள்.

நான்: சித்தப்பா, ஏப்ரலில் நான் ஊருக்கு வந்தபோது பிரிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். இன்ஜினையும் பம்ப்பையும் இணைக்கிற கப்ளிங் படம் இருக்கிறது. (படம்)

சித்தப்பா: நல்ல வேலை செய்தாய் தம்பி. பெரிதாக்கிப் பார். கப்ளிங்கின் இரண்டு பாதியிலும் உளியால் வெட்டிய கோடு ஒன்று, எதிரெதிரே ஒட்டி நிற்கும். பத்து வருடத்துக்கு முன்னால் நான் வெட்டியது. அருண், அதே இடத்தை இப்போது எடுத்து அனுப்பு.

அருண்: (படம்)

அருண்: மேலே ஒரு கோடுதான் தெரிகிறது. இன்னொன்றைக் காணோம்.

சித்தப்பா: கீழ்ப்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்.

அருண்: இருக்கிறது!! அடியில் இருக்கிறது, நேர் எதிர்ப்பக்கம்.

சித்தப்பா: பாதி சுற்று தள்ளி மாட்டியிருக்கிறார்கள். அவசரத்தில் யாருக்கும் வருகிற தப்புதான். இன்ஜினோடு சுற்றுகிற பெரிய சக்கரம், பிளைவீலைப் பார், 1-6 என்று சேர்த்து ஒரு கோடு வெட்டியிருக்கும். ஒன்றும் ஆறும் ஒரே நேரத்தில் மேலே வருகிற பிஸ்டன்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் பம்ப் ஒரு சுற்று, அதனால் அந்தக் கோடு முள்ளுக்கு நேரே இரண்டு தடவை வரும். ஒரு தடவை ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும், அடுத்த தடவை புகையைத் தள்ளி முடித்திருக்கும். இரண்டாவதைப் பார்த்து மாட்டினால் நம் கதைதான். கப்ளிங்கில் இருப்பதும் இரண்டே போல்ட், இப்படியும் உட்காரும், அப்படியும் உட்காரும்.

காரைக்கால் மாமா: அப்போ போல்ட்டைக் கழற்றித் திருப்ப வேண்டியதுதானே?

சித்தப்பா: கோட்டை மட்டும் நம்பித் திருப்பக் கூடாது மச்சான், வால்வையும் பார்க்க வேண்டும். செல்வம், முதலில் பேட்டரி வயரைக் கழற்று, யாராவது தெரியாமல் பட்டனைத் தொட்டால் பிளைவீலைத் திருப்புகிற கம்பி கையை எடுத்துவிடும். வால்வுக்கு மேலே இருக்கிற டாப்பெட் கவரைத் திற. கம்பியால் பிளைவீலை ஓடுகிற பக்கமாகத் திருப்பி 1-6 கோட்டை முள்ளுக்குக் கொண்டுவா. ஆறாம் சிலிண்டரில் ஒரு வால்வு மூடிக்கொண்டே வர இன்னொன்று திறக்கத் தொடங்கினால் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. அப்போது பம்ப் பக்கத்துக் கோடு எங்கே நிற்கிறது என்று சொல்.

செல்வம் (10:15): ஆறாம் சிலிண்டரில் வால்வை அழுத்துகிற இரண்டு ராக்கரும் ஆடுகிறது. ஒன்றாம் சிலிண்டரில் இரண்டுமே தளர்வு, விரலால் அசைக்க முடிகிறது. இன்ஜின் பக்கத்துக் கோடு மேலே, பம்ப் கோடு அடியில்.

சித்தப்பா: அதேதான். இன்ஜினை அசைக்காமல் கப்ளிங்கை விடு, பம்ப்பை மட்டும் பாதி சுற்று திருப்பு, கோட்டோடு கோடு மயிரிழை பிசகாமல் சேர்த்து இறுக்கு.

செல்வம் (10:50): முடிந்தது. எடுத்துவிடட்டுமா?

சித்தப்பா: பொறு. ஆயில் அளவு பார். முகர்ந்தும் பார்.

அருண்: மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல் ஏறி நிற்கிறது. டீசல் வாடை அடிக்கிறது.

சித்தப்பா: ராத்திரி முழுக்க அடித்த டீசலில் எரியாதது ரிங் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்று, ஆயில் ஃபில்டரையும் மாற்று.

காரைக்கால் மாமா: ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மாற்றலாமே. புது ஆயில், காசு.

சித்தப்பா: பேரிங்கும் புதுசுதான் மச்சான். நீர்த்த ஆயிலில் ஒரு நிமிடம் ஓடினாலும் தேயும். அது போனால் கடலில் வைத்துப் போகும், அப்போது உள்ளே ஆறு பேர் இருப்பார்கள்.

மலர் அக்கா: ஆயிலுக்கு நான் பணம் போடுகிறேன் செல்வம். மாற்று.

செல்வம் (மதியம் 1:42): (வீடியோ)

செல்வம்: பிடித்துவிட்டது சித்தப்பா. இரண்டே சுற்று. இரண்டு சுற்றில் பிடித்துவிட்டது.

அம்மா: நான் சத்தத்தைக் கேட்டேன். மாரியாத்தா காப்பாற்றினாள்.

மலர் அக்கா: அழுகையே வந்துவிட்டது.

சித்தப்பா: ரேஸ் பண்ணாதே, மெதுவாக ஓடட்டும். ஆயில் பிரஷர் ஏறியதா? இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீரை வெளியே தள்ளுகிறதா?

செல்வம்: பிரஷர் நாலில் நிற்கிறது. தண்ணீர் வருகிறது. புகை வெள்ளையாக இருந்து இப்போது நின்றுவிட்டது.

சித்தப்பா: ஒரு மணி நேரம் ஓடியபின் நிறுத்தி, ஆறவிட்டு டாப்பெட் இடைவெளியைத் திரும்பப் பார். முதல் பயணத்தில் முழு வேகம் வேண்டாம், மடி வலையையும் அளவாக இழு. மெக்கானிக் போன் எடுத்தால் திட்டாதே, கோடு விஷயத்தை மட்டும் சொல், மற்ற போட்டிலும் பார்த்துக்கொள்வார்.

செல்வம்: சரி சித்தப்பா. அக்கா, ஐஸை நாளை மதியத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா: அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். நாலாவது நாசில் நட்டில் ஈரம் மின்னுகிறது. நிறுத்தியதும் அதை ஒரு பிடி இறுக்கிவிட்டுத் துணியால் துடைத்துப் படம் அனுப்பு.