எடி கோவேரியன்ஸ்: 'சுழிப்பு உடன்மாறல்' என்று வைப்போமா?

வணக்கம்.

காட்டுக்கும் காற்றுக்கும் இடையே வாயுவும் வெப்பமும் போய்வருவதை அளக்கும் 'எடி கோவேரியன்ஸ்' (eddy covariance) முறைக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். போன கிழமை வந்த 'காட்டு மூச்சளவி' என்ற பெயர் கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை இந்த முறைக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. காட்டுக்கு மேலே நிற்கும் கோபுரம் மூச்சை மட்டுமா அளக்கிறது? காபனீரொட்சைட்டு, நீராவி, வெப்பம் மூன்றும் எவ்வளவு ஏறுகின்றன, எவ்வளவு இறங்குகின்றன என்று அதே காற்றில்தான் பார்க்கிறார்கள்.

காற்றின் வேகத்தை ஒலியால் அளக்கும் கருவியும் வாயுவை அகச்சிவப்பால் அளக்கும் கருவியும் செக்கனுக்கு 10 அல்லது 20 தடவை வாசிக்கின்றன. பகலில் மரங்கள் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்வதால் மேலேறும் காற்றில் அது கொஞ்சம் குறைவு, கீழிறங்கும் காற்றில் கொஞ்சம் கூடுதல். காற்று ஏறி இறங்குவதும் வாயு கூடிக் குறைவதும் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று அரை மணித்தியாலத்துக்குக் கணக்கிட்டால் காடு எடுத்ததா கொடுத்ததா என்று தெரிந்துவிடும். அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டில் 1991 முதல் இப்படி அளந்து வருகிறார்கள்.

சரி, வாயுவை இப்படி ஏற்றி இறக்கும் காற்றுச் சுற்றுகள்தான் 'எடி'. அதற்கு என்ன சொல்? 'சுழல்' என்றால் பலருக்குச் சூறாவளிதான் நினைவுக்கு வரும். 'சுழி' என்றால் பூச்சியம் குறுக்கே நிற்கும். மழை விட்ட பின்னேரம் வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில் நின்று பாருங்கள்: ஒரு சருகு இரண்டு சுற்றுச் சுற்றும், அந்தச் சுற்று உடைந்து சின்னதாகும், சருகு அடுத்ததில் போய் ஏறிக்கொள்ளும். அதைச் சுழிப்பு என்றுதான் சொல்வோம். எங்கள் பௌதிகப் புத்தகத்திலும் சுழிப்போட்டம் (eddy current) ஏற்கெனவே இருக்கிறது. இந்தச் சொல்லை விடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவில் காற்று அசையாமல் நின்றால் சுழிப்பு தளர்ந்துவிடும், மண்ணும் மரமும் விடும் வாயு கருவிவரை வந்து சேராது, அளவீடு குறைவாகக் காட்டும். முறையின் பலவீனமே பெயருக்குள் இருந்தால் மாணவருக்கு அது எவ்வளவு உதவி!

இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதைச் சொல்லும் 'கோவேரியன்ஸ்' எனக்கு உடன்மாறல். 'இணை' வேண்டாம், நமக்குச் சமாந்தரம் என்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இணை. 'மாறுபாடு' என்றால் ஏதோ கருத்து வேறுபாடு போல ஒலிக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும். இரண்டையும் சேர்த்து எழுதினால் 'சுழிப்புடன்மாறல்', அதைச் 'சுழிப்புடன் மாறல்' என்றும் பிரிக்கலாம். முதலில் பயந்தேன், அப்புறம் யோசித்தால் பொருள் பெரிதாகக் கெடவில்லை, நடப்பதும் கிட்டத்தட்ட அதுதானே. இருந்தாலும் பிரித்தே எழுதுவோம். அளக்கும் கோபுரத்துக்கு (flux tower) 'பாயக் கோபுரம்' போதும், 'flux' என்பதற்குப் பாயம் என்ற சொல் காந்தப்பாயத்தில் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பழகியதே.

மட்டக்களப்பு, மன்னார்ப் பக்கம் ஆற்றுச் சுழிப்புக்கு வேறு சொல் வழங்கினால் தயவுசெய்து எழுதுங்கள், அதையும் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.