நீள முடி முயல், சிக்கு, நகம்: குளிப்பாட்டலாமா?

பஞ்சுப்பொதி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு முயல் பெண், இரண்டு வயது, நீள முடி. கொஞ்ச நாளாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, தடவினால் கை முழுக்க ஒட்டிக்கொள்கிறது. காதுக்குப் பின்னாலும் பின்தொடைப் பக்கமும் சிக்கு விழுந்து கெட்டியாகிவிட்டது. குழந்தை ஷாம்பூ போட்டு வெந்நீரில் ஒரு தடவை குளிப்பாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாய் வளர்க்கிற சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? இல்லை, சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாமா? நகமும் நீண்டு வளைய ஆரம்பித்துவிட்டது. கறுப்பு நகம் என்பதால் எதுவரை வெட்டுவது என்று தெரியவில்லை, தூக்கினாலே உதைக்கிறாள். வீட்டிலேயே செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

தொங்கல்காது:
குளிப்பாட்டவே வேண்டாம், வெந்நீரானாலும் சரி. முயலின் அடிமுடி ரொம்ப அடர்த்தி, நனைந்தால் தோல்வரை காய்வதற்கு மணிக்கணக்காகும், அதற்குள் உடம்புச் சூடு இறங்கிவிடும். அதைவிட மோசம் பயம். தண்ணீரில் திமிறித் திமிறி அந்த அதிர்ச்சியிலேயே செத்துப்போன முயல்கள் உண்டு. அது தன்னைத் தானே நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்கிற பிராணி, நம் வேலை உதிர்ந்த முடியை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான்.

கத்தரிக்கோலும் வேண்டாம். முயல் தோல் மிக மெல்லியது, சிக்கைப் பிடித்துத் தூக்கும்போது தோலும் கூடவே மேலே எழும்பி வந்துவிடும், எது முடி எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது, ஒரே வெட்டில் கிழிந்துபோகும். தரையில் ஒரு டவலை விரித்து அவளோடு நீங்களும் உட்காருங்கள். சிக்கின் அடியில், தோலை ஒட்டி, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் இழுக்கும்போது தோல் இழுபடாது. மற்ற கையால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுங்கள். சீப்பு கடைசியில் போதும், அதுவும் பல் அகலமான சீப்பு. ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்பதில்லை, அவள் எழுந்து போனால் விட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். தோலோடு தோலாக இறுகிப்போன சிக்கு என்றால் கால்நடை மருத்துவரிடம் போய் மெஷினால் எடுக்கச் சொல்லுங்கள்.

முடி உதிர்வு இயல்புதான், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பெரிதாகக் கொட்டும். அந்தச் சமயத்தில் நீள முடிக்காரிக்குத் தினமும் சீவவேண்டும். கையை லேசாக ஈரமாக்கிக்கொண்டு முடி படிந்திருக்கிற திசையிலேயே தடவினால் நிறைய வந்துவிடும். இதில் சோம்பல் படக்கூடாது, ஏனென்றால் முயலால் வாந்தி எடுக்க முடியாது. பூனை முடியைக் கக்கிவிடும், முயல் விழுங்கினது விழுங்கினதுதான், குடல் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். அதற்கு நார் வேண்டும், எந்நேரமும் காய்ந்த புல் முன்னால் கிடக்கவேண்டும். புழுக்கைகள் முடியில் கோத்த மாதிரி வரிசையாக வந்தால் முடி அதிகம் உள்ளே போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டைத் தொடவில்லை, அரை நாளாகப் புழுக்கையும் இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் ஓடவேண்டும்.

நகக்கண்:
நகத்துக்கு நான் சொல்கிறேன். முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு, மொத்தம் 18 நகம். முன்னங்காலில் உள்பக்கம் கொஞ்சம் மேலே ஒட்டியிருக்கிற ஐந்தாவதைப் பலரும் கவனிப்பதில்லை. கறுப்பு நகம் என்றால் அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே ரத்தம் ஓடுகிற பகுதி நிழலாகத் தெரியும். அதற்கு முன்னாலேயே, நுனியை மட்டும் வெட்டுங்கள். நிழல் தெரியாவிட்டால் முடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வளைந்த நுனியோடு நிறுத்திக்கொள்ளலாம். ரத்தம் வந்துவிட்டால் கார்ன்ஃப்ளார் மாவைத் தொட்டுச் சில நிமிஷம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும், அதனால் மாவைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். உள்ளங்காலில் இருக்கிற முடியை மட்டும் தொடாதீர்கள், முயலுக்கு நாய் பூனை மாதிரி பாத மெத்தை கிடையாது, அந்த முடிதான் பாதுகாப்பு.

சின்னவால்:
உதைக்கிற முயலை மல்லாக்கப் போட்டு வயிற்றைத் தடவிக் கொடுத்தால் அப்படியே தூங்கிவிடும், நகம் வெட்ட ரொம்ப வசதி. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

தொங்கல்காது:
சின்னவால், தயவுசெய்து அதை யாருக்கும் சொல்லாதீர்கள். அது தூக்கமில்லை, பயத்தில் உறைந்துபோவது. பிடித்துத் தின்ன வருகிற மிருகத்திடம் மாட்டிக்கொண்டால் செத்த மாதிரி கிடக்கிற அதே நிலை, உள்ளே இதயம் படபடத்துக்கொண்டிருக்கும். திடீரென்று முழித்துத் துள்ளினால் முதுகெலும்பே முறியலாம். முயலின் எலும்பு எல்லாம் சேர்த்தே உடல் எடையில் சுமார் 8 சதவீதம்தான், பின்னங்கால் தசையோ அவ்வளவு பலம். அதனால்தான் தூக்கும்போதும் ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பின்பாகத்தைத் தாங்கி, உடம்போடு அணைத்துப் பிடிக்கவேண்டும். நகம் வெட்ட டவலில் சுற்றி, ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து வெட்டினால் போதும்.

பஞ்சுப்பொதி:
ரொம்ப நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போனது, பின்பக்கச் சிக்கில் மெத்தென்று பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது, நாற்றமும் வருகிறது. குளிப்பாட்டச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

நகக்கண்:
அது வயிற்றுப்போக்காகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. முயல் இரண்டு வகையாகப் போடும், ஒன்று உருண்டைப் புழுக்கை, இன்னொன்று குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்றிருப்பது. அந்த இரண்டாவதை அப்படியே வாய் வைத்துச் சாப்பிட்டுவிடும், அதில் சத்து இருக்கிறது. பெல்லட்டும் (கடையில் விற்கிற உருண்டைத் தீவனம்) பழமும் அதிகமானாலோ, உடம்பு பெருத்து வாய் எட்டாமல் போனாலோ சாப்பிடாமல் விட்டுவிடும், பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும். இப்போதைக்கு வெந்நீரில் நனைத்த துணியால் அந்த இடத்தை மட்டும் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றியெடுங்கள். பெல்லட்டைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். அப்படியும் தொடர்ந்தால் பல்லையும் கால் மூட்டுகளையும் டாக்டர் பார்க்கட்டும். நீர்நீராகவே போகிறது என்றால் காத்திருக்கவேண்டாம், அது அவசரம்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அழுக்கான பின்பக்கத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்து சதையைத் தின்ன ஆரம்பித்துவிடும். வெயில் காலத்தில் காலை மாலை இரண்டு வேளையும் தூக்கிப் பாருங்கள். புழு தெரிந்தால் அந்த நிமிஷமே மருத்துவமனைக்குக் கிளம்பவேண்டும். நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தை மட்டும் எடுத்துத் தடவிவிடாதீர்கள், ஃபிப்ரோனில் என்கிற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து முயலைக் கொன்றுவிடும்.

புல்லுக்கட்டு:
ஒரு சந்தேகம், முடி தானாகக் கொட்டுகிறதா, நெஞ்சிலும் வயிற்றிலும் அவளே பிடுங்குகிறாளா? வாயில் முடியும் புல்லுமாகத் தூக்கிக்கொண்டு மூலையில் சேர்த்தால் அது குட்டி போடக் கூடு கட்டுகிற வேலை. சினையே இல்லாமலும் பெண் முயல் இப்படிச் செய்யும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். அந்தக் கூட்டைக் கலைக்காதீர்கள். முதுகில் பொடுகுபோல் வெள்ளையாக உதிர்ந்து, சொறிந்துகொண்டே இருந்தால் அது வேறு கதை, பூச்சி பிடித்திருக்கலாம், மருத்துவர் பார்த்துத்தான் மருந்து கொடுக்கவேண்டும். எது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.