தம்பிக்கு ஏற்ற உளவியலாளரைத் தேடுகிறோம்

நாங்கள் பாம்பனில் வசிக்கிறோம். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் என் தம்பி நள்ளிரவில் எழுந்து கரைக்குப் போய், வள்ளத்தின் நங்கூரக் கயிற்றை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறான். கடலுக்குப் போன அப்பா திரும்பாதபோது அவனுக்கு ஏழு வயது. முன்பு பார்த்த ஆலோசகர் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டார் (அது வீண் என்று சொல்ல மாட்டேன்).

சிறுவயது இழப்பும் நனவிலியில் (நாம் அறியாத ஆழ்மனத்தில்) அமுங்கிய உணர்வுகளும் இன்றைய நடத்தையில் எவ்வாறு தலைகாட்டுகின்றன என்று ஆராயும், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர் ஃபிராய்டின் வழிவந்த சைக்கோடைனமிக் முறையோடு, எண்ணங்களையும் பழக்கங்களையும் நேரடியாகக் கையாளும் சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) போன்ற முறைகளையும் ஆளுக்கேற்ப இணைத்துச் சிகிச்சை தரும் உளவியலாளர் எவரையேனும் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ அறிந்திருந்தால் தெரிவியுங்கள். வாரம் ஒருமுறை, ஏறத்தாழ 50 நிமிடம், மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும் என்பதால், வள்ளம் இறங்காத நாள்களில் நேரம் ஒதுக்குபவராகவும், எங்கள் கடற்கரைப் பேச்சு புரிபவராகவும் இருந்தால் நல்லது. கட்டண விவரத்தையும் குறிப்பிடுங்கள்.